நாலு மணி நேர அட்டைக்கு நாலு நிமிட அட்டை

ஒரு வாசகரின் கேள்வி:

நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து, கையால் வரைந்த சின்ன அட்டைகளை மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்கிறோம். ஒரு அட்டைக்கு நான் நாலு மணி நேரம் உட்காருகிறேன். பதிலுக்கு என் கையில் வந்து சேருவது பத்திரிகையில் வெட்டி ஒட்டிய ஒரு படம், அதன் மேல் ரெண்டு கோடு. இது பண்டமாற்றா, ஏமாற்றா? அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

மார்ச் 3, மாலை

புரியவைக்க முடியாது. ரெண்டு வருஷம் முயன்று பார்த்தவள் சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் 'ஆர்ட்டிஸ்ட் டிரேடிங் கார்டு' என்கிற இந்த அட்டைக்கு இருக்கிற சட்டம் ரெண்டே ரெண்டு. அளவு இரண்டரைக்கு மூன்றரை அங்குலம், அதாவது 64-க்கு 89 மி.மீ. அப்புறம், விற்கக் கூடாது, மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும். பென்சிலா, தையலா, தகரத்தைத் தட்டி ஒட்டியதா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. எத்தனை மணி நேரம் என்று கேட்பது மூன்றாவது சட்டம். அது நீங்களாகப் போட்டுக்கொண்டது.

கொடுக்க மனசில்லாத அட்டையைக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டுக் கணக்குப் பார்த்தால் தூக்கம்தான் போகும்.

மார்ச் 3, இரவு

மாலையில் எழுதியது கடுப்பில் எழுதியது. அந்த மூன்றாவது சட்டத்தை நானும் போட்டிருந்தேன், அதனால் வந்த கடுப்பு.

இது தொடங்கிய கதையைச் சொல்கிறேன். ஸூரிச்சில் எம். வான்சி ஷ்டிர்னெமான் என்ற கலைஞர் 1996-இல் தொடங்கியது. விளையாட்டு வீரர் படம் போட்ட அட்டைகளைப் பசங்கள் மாற்றிக்கொள்வார்களே, அதே அளவு. கையால் 1,200 அட்டைகள் செய்து, 1997-இல் தன் பழைய புத்தகக் கடையில் காட்சிக்கு வைத்தார். வேண்டும் என்பவர்கள் தாங்களும் அட்டை செய்துகொண்டு வாருங்கள், கடைசி நாளில் மாற்றிக்கொள்ளலாம் என்றார். அங்கே கலந்துகொண்ட டான் மேபி என்ற கனடாக்காரர் அதே வருஷம் கால்கரியில் இதைத் தொடங்கிவைத்தார். அங்கிருந்துதான் பரவியது.

யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் 1,200 அட்டை செய்த கை. எதிரே, நேற்று ராத்திரி முதல் தடவையாகக் கத்தரியைத் தூக்கியவர். அன்றைக்கே தராசைக் கொண்டுவந்து வைத்திருந்தால் மாற்றிக்கொள்வது நடந்தே இருக்காது.

மார்ச் 4

இதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று, உங்களைப் போலவே மாதாமாதம் அட்டை மாற்றிக்கொள்ளும் எங்களுக்குள் ஒரு சண்டை நடந்தது. 'கைமாற்று அட்டை' என்றேன். கையால் செய்தது, கைமாறுவது, ரெண்டும் வந்துவிடுகிறதே என்று எனக்குப் பெருமை. பள்ளித் தோழன் ஒருவன் சிரித்தான்: "கைமாற்று என்றால் திருப்பித் தர வேண்டுமே, எப்போது தருகிறாய்?"

சரி, பண்டமாற்று என்றால் சமமான மதிப்பு இருக்க வேண்டும். கைமாற்று என்றால் திருப்பித் தர வேண்டும். பரிசு என்றால் எதிர்பார்க்கக் கூடாது. மூன்றுமே பொருந்தவில்லை. வெறும் 'அட்டை' என்று விட்டுவிட்டோம்.

மார்ச் 6

தாளை அட்டையாக வெட்டுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள்.

சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள நீர்வண்ணத் தாள்தான் எனக்குச் சரிப்படுகிறது. இதைவிட மெல்லியது ஈரம் பட்டதும் அப்பளம் மாதிரி சுருள்கிறது. ஏ4 தாளில் குறுக்கே மூன்று, நெடுக்கே மூன்று, மொத்தம் 9 அட்டை. பக்கவாட்டில் 18 மி.மீ. பட்டை ஒன்றும் அடியில் 30 மி.மீ. பட்டை ஒன்றும் மிஞ்சும். எறிய வேண்டாம். நான் வண்ணத்தை முதலில் அந்தப் பட்டையில் தீட்டிப் பார்த்துவிட்டுத்தான் அட்டைக்கு வருவேன். அதே தாள் என்பதால் காய்ந்த பிறகு நிறம் எப்படி நிற்கும் என்று தெரிந்துவிடும். ஏ3 வாங்கினால் நாலுக்கு நாலு 16 அட்டை. ரெண்டு ஏ4-ஐவிட அதில் லாபம் இல்லை.

கத்தியை ஒரே இழுப்பில் அழுத்தாதீர்கள். லேசாக மூன்று இழுப்பு. அளவுகோல் இரும்பில் இருக்க வேண்டும். மர அளவுகோலை வைத்து வெட்டினால் அட்டையோடு சேர்த்து அளவுகோலையும் சீவுவீர்கள், அடுத்த அட்டையில் அந்தப் பள்ளம் கோணலாகத் தெரியும். என் அளவுகோலில் 11-க்கும் 12-க்கும் நடுவே ஒரு குளமே இருக்கிறது.

ஒட்டுப்படம் செய்தால் அட்டை வளையும். முன்பக்கம் மட்டும் பசை காய்ந்து இழுப்பதால்தான். பின்பக்கத்திலும் ஒரு தாளை ஒட்டிவிட்டு, கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு ராத்திரி வையுங்கள், சரியாகிவிடும்.

மார்ச் 9

கணக்குப் பார்த்த கதையைச் சொல்லாமல் நகர முடியாது போலிருக்கிறது.

தோழன் என்று மேலே சொன்னேனே, உங்கள் 'ரெண்டு கோடு' ஆளும் அவனும் ஒரே ஜாதகம். எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் அவன் அட்டை செய்யவே தொடங்குவான். பேசிக்கொண்டே ஒரு துண்டை ஒட்டுவான், மேலே பேனாவால் ஏதாவது கிறுக்குவான், "ஆச்சு" என்பான். நான் ஒரு வாரமாகப் பறவையின் சிறகுக்கு ஒவ்வொரு மயிராக வரைந்து எடுத்துப் போயிருப்பேன். அது அவனுக்கு, அவனுடையது எனக்கு.

நாலு தடவை பொறுத்தேன். ஐந்தாவது தடவை ஒரு ஏற்பாட்டை முன்வைத்தேன். ரெண்டு பெட்டி. உழைத்துச் செய்தது முதல் பெட்டியில், சும்மா செய்தது ரெண்டாவதில். எந்தப் பெட்டியில் போடுகிறோமோ அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். எவ்வளவு நியாயம் பாருங்கள்.

முதல் மாதம் ஆறு பேரும் ரெண்டாவது பெட்டியில் போட்டார்கள். நான் உட்பட. என் அட்டையை நானே உசத்தி என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. அடுத்த மாதம் ஆறு பேரும் முதல் பெட்டியில் போட்டார்கள். அவனுடையதும் அதில்தான் கிடந்தது. கேட்டேன். "உழைத்தேன், வரவில்லை" என்றான். அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? மூன்றாவது மாதம் ஒரு பெட்டியைக் காணோம். அக்கா மகள் அதில் பாசிமணி போட்டு வைத்திருந்தாள்.

மார்ச் 10

திருத்தம். அப்போது ஐந்து பேர்தான். அக்கா மகள் சேர்ந்தது பெட்டி காணாமல் போன பிறகு. யார் எடுத்தது என்று கேட்கப் போய்த்தான் அவளும் உள்ளே வந்தாள்.

ஆளுக்கு ஆள் ஒரு அட்டை என்றால் ஐந்து பேருக்கு 20, ஆறாவது ஆள் வந்ததும் 30. ஒருவர் சேர்ந்ததற்குப் பத்து அட்டை கூடுகிறது. அதிகம் பேரைக் கூப்பிடாதீர்கள்.

மார்ச் 13

அட்டை என்ற பெயர் சும்மா வரவில்லை என்று நிரூபணமான சம்பவம்.

ஒன்பது பை உள்ள பிளாஸ்டிக் தாள் கிடைக்கிறதே, பைக்கு ஒரு அட்டை செருகி வைப்பது. அக்ரிலிக்கில் செய்த அட்டை ஒன்றை அதில் வைத்து, மேலே நாலு புத்தகத்தையும் ஏற்றிவைத்தேன். வெயில் காலம் முடிந்து எடுத்தால் வரவில்லை. ரத்தம் குடிக்கிற அட்டை மாதிரி கவ்விக்கொண்டிருந்தது. பிய்த்தேன். வானம் முழுக்கப் பையோடு போனது, கீழே மாடு மட்டும் என் கையில் நின்றது.

அக்ரிலிக் காய்ந்த பிறகும் சூட்டில் இளகும், அழுத்தினால் பிளாஸ்டிக்கில் ஒட்டும். அதைப் பையில் போடுவதானால் நடுவே மெழுகுத்தாள் ஒன்றை வையுங்கள். எண்ணெய்ப் பேஸ்டல் காயவே காயாது, அதை உறையில் போட நினைக்கவே வேண்டாம். பை வாங்கும்போது பிவிசியா என்று பாருங்கள். புதுச் செருப்பு மாதிரி ஒரு வாசனை அடிக்கும். அது நாள்பட்டு மையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். பாலிப்ரோப்பிலீன் பரவாயில்லை.

சாயத்தால் ஆன மார்க்கர் மையும் நம்பக்கூடியதல்ல. ஜன்னலோரம் வைத்த என் ஊதாப்பூ இப்போது சாம்பல் பூ. நிறமி மை என்று பேனாவிலேயே போட்டிருந்தால் அதை எடுங்கள்.

நாலு மணி நேரம் போனதே என்று நீங்கள் வருத்தப்படுவீர்கள். அந்த மாட்டுக்கு ஐந்து மணி நேரம்.

மார்ச் 14

அக்கா மகள் அழிப்பானில் முத்திரை வெட்டினாள். ஒரே அச்சில் ஆறு அட்டை, ஆளுக்கு ஒன்று, முடிந்தது வேலை. தன் பெயரையும் அதில் வெட்டினாள். அச்சில் போட்டால் எழுத்தெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. "சித்தி, கண்ணாடியில் பார்த்தால் சரியாக இருக்கிறது" என்றாள். அப்படியே கொடுத்தாள். பின்பக்கத்தில் 'கண்ணாடியில் பார்க்கவும்' என்று எழுதியிருந்தாள்.

அச்சுப் போடுகிறவர்கள் பின்பக்கத்தில் 1/6, 2/6 என்று எண் போடுவது வழக்கம். ஒன்றே ஒன்று செய்தது தனி அட்டை, ஒரே மாதிரிப் பல செய்தது பதிப்பு, ஒரே கருவில் வேறு வேறாகச் செய்தது வரிசை. எதுவானாலும் பின்பக்கத்தில் பெயர், தேதி, தலைப்பு எழுதிவிடுங்கள். சின்ன வேலை என்று நான் ஒரு வருஷம் எழுதாமல் விட்டேன். இப்போது என்னிடம் உள்ளவற்றில் பதினேழு அட்டை அனாதையாகக் கிடக்கிறது, யார் செய்தது என்று அவர்களுக்கே தெரியவில்லை. அதில் ஒன்று நான் செய்ததாகவும் இருக்கலாம் என்று ஒரு சந்தேகம்.

மார்ச் 15

தபாலில் அனுப்பலாமா என்ற கேள்விக்கு: அலுவலகத் தோழி வேறு ஊருக்கு மாறிப்போன பிறகு அப்படித்தான் செய்கிறோம். அட்டையை வெறுமனே தபால்தலை ஒட்டிப் போட முடியாது. உலகத் தபால் ஒன்றியம் கடிதத்துக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு 90-க்கு 140 மி.மீ., நம்முடையது அதைவிடச் சின்னது. உறையில் ரெண்டு கெட்டி அட்டைக்கு நடுவே வையுங்கள். எடைக்குக் கவலை வேண்டாம், 300 கிராம் தாளில் ஒரு அட்டை ரெண்டு கிராம்கூட வராது. பொத்தான், கிளிஞ்சல் ஒட்டியதை மட்டும் நேரில் கொடுங்கள். ஒரு பொத்தான் அட்டை எங்களுக்குப் பொத்தானும் அட்டையுமாகத் தனித்தனியே வந்து சேர்ந்தது.

விற்கலாமா என்று கேட்டவருக்கு: விற்கலாம், தாராளமாக. அதே அளவில் விற்கிற அட்டைக்கு ஏ.சி.இ.ஓ. என்று வேறு பெயரே இருக்கிறது. அங்கே நேரத்துக்குக் கூலி கேட்பதில் தப்பே இல்லை. உங்கள் நாலு மணி நேரத்துக்கு அதுதான் இடமோ என்னமோ.

மார்ச் 17

வாசகர் மறுபடி எழுதியிருக்கிறார். என் பேச்சைக் கேட்டு எல்லா அட்டையையும் கவிழ்த்துப் போட்டுக் கலக்கி, ஆளுக்கு ஒன்று கண்ணை மூடி எடுத்தார்களாம். அவருக்கு அவருடைய அட்டையே வந்ததாம். "இப்போதுதான் சமமான மதிப்பு கிடைத்தது" என்று எழுதியிருக்கிறார். ரசித்தேன்.

ஆனால் கலக்கச் சொன்னது நானில்லை. சொல்லியிருந்தால் இதையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன்: ஆறு அட்டை ஆறு பேரிடம் 720 விதமாகப் போய்ச் சேரலாம். அதில் ஒருவருக்கும் சொந்த அட்டை வராத விதம் 265-தான். மீதி 455-இலும் யாராவது ஒருவர் தன் அட்டையையே எடுத்துக்கொண்டு விழிப்பார். வட்டமாக உட்கார்ந்து, உங்கள் அட்டையை இடது பக்கத்து ஆளுக்குக் கொடுங்கள். அடுத்த மாதம் ரெண்டு ஆள் தள்ளி. தீர்ந்தது.

மார்ச் 18

தொடர்பில்லாத ஒன்று. 1854-இல் பாரிஸில் டிஸ்டேரி என்ற புகைப்படக்காரர், முகவரிச் சீட்டு அளவுக்குச் சின்னதாகப் படம் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரே தகட்டில் பல படம் விழும், அதனால் மலிவு. அப்புறம் ஊரே தன் முகத்தை நண்பர்களுக்குக் கொடுத்து, அவர்கள் முகத்தை வாங்கி, ஆல்பத்தில் செருகியது. அட்டையின் அகலம் கிட்டத்தட்ட நம்முடையதேதான். அதில் யாரும் தன் முகம் உசத்தி, உன் முகம் மட்டம், மேலே என்ன போட்டுத் தருகிறாய் என்று கேட்டிருப்பார்களா? கேட்டிருப்பார்கள், மனிதர்கள்தானே.

மார்ச் 21, பின்னிரவு

இதை எழுதாமல் தூங்க முடியாது.

பின்பக்கம் எழுதாத அந்தப் பதினேழை இன்றைக்கு மேசையில் பரப்பினேன், கையெழுத்தை வைத்தாவது கண்டுபிடிப்போமே என்று. அதில் நாலு அட்டை தோழனுடையது என்பது பார்த்ததுமே தெரிந்தது, அவ்வளவு மட்டமாக வேறு யாரும் ஒட்டமாட்டார்கள். ஒன்றை விளக்கடியில் பிடித்தேன். நடுவே 18 மி.மீ. அகலத்தில் ஒரு பட்டை. அதில் வரிசையாக ஐந்தாறு நிறத் தீற்றல். நீலம், கொஞ்சம் பச்சை கலந்த நீலம், இன்னும் கொஞ்சம் கலந்தது. பேனாவால் அதன் மேல் ஒரு ஆள் நடப்பது மாதிரி ரெண்டு கோடு.

அந்த நீலம் என்னுடையது.

ஒரு மீன்கொத்தி அட்டைக்காக அந்த நீலத்தைப் பிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பட்டையில் ஒவ்வொன்றாகத் தீட்டி, தள்ளி, தீட்டி, கடைசியில் வந்த நிறத்தின் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். அந்தப் புள்ளியும் அவன் அட்டையில் இருக்கிறது. அன்றைக்கு என் வீட்டில் சந்திப்பு. மேசையில் கிடந்த வெட்டுத் துண்டை எடுத்து ஒட்டி, எனக்கே கொடுத்திருக்கிறான். மீன்கொத்தியை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

மற்ற மூன்றையும் பார்த்தேன். ஒன்றில் அக்கா மகளின் அழிப்பான் முத்திரை சரியாக விழாத காகிதம். ஒன்றில் தோழி அனுப்பிய உறையின் மூலை. நாலாவது வெறும் பத்திரிகைத் துண்டு.

மார்ச் 22

'நாற்பது வருஷ அனுபவம்தான் அந்த நாலு நிமிடத்தில் இருக்கிறது' என்று யாரும் கிளம்ப வேண்டாம். அவனுக்கு அனுபவம் கிடையாது. அட்டை இப்போதும் மட்டம்தான். பசை ஓரத்தில் வழிந்திருக்கிறது.

ஆனால் மீன்கொத்தி அவனிடம் இருக்கிறது, அதன் நீலம் உண்டான விதம் என்னிடம் இருக்கிறது. இதை எந்தப் பெட்டியில் போடுவது?

மார்ச் 24

தொலைபேசியில் கேட்டேன். அப்படி ஏதாவது நினைத்துத்தான் செய்தாயா என்று. எனக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

"எந்த அட்டை?" என்றான்.

விளக்கினேன். நிறம், புள்ளி, மீன்கொத்தி, எல்லாவற்றையும்.

"அதுவா. கையில் கிடைத்தது, ஒட்டினேன்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "மீன்கொத்தி கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. வெயில் படுமே, எடுத்துவிடட்டுமா?" என்று கேட்டான். எடுக்கச் சொன்னேன். அந்த நீலம் நிறமிதான், வெளுக்காது. இருந்தாலும் எடுக்கச் சொன்னேன்.

மார்ச் 25

இன்னொரு யோசனை. மார்ச் 3-ஆம் தேதி வாசகருக்கு எழுதியதில், கொடுக்க மனசில்லாததைக் கொடுக்காதீர்கள் என்றேன். வாபஸ். மீன்கொத்தியைக் கொடுக்க எனக்குத் துளியும் மனசில்லை. கொடுக்காமல் இருந்திருந்தால் அது அந்தப் பிளாஸ்டிக் பையில், மாட்டுக்குப் பக்கத்தில் இருந்திருக்கும்.

நாலு மணி நேரம் என்ற கணக்கிலும் எனக்கு இப்போது சந்தேகம் வருகிறது. அதில் ஒன்றரை மணி நேரம் பட்டையில்தானே போகிறது.

மார்ச் 28

மார்ச் 6-இல் சொன்ன அளவுக்குத் திருத்தம். ஏ3-இல் 16 இல்லை. அட்டையைப் படுக்கப் போட்டுக் குறுக்கே மூன்று, நெடுக்கே ஆறு என்று வெட்டினால் 18 வருகிறது. ரெண்டு ஏ4-க்குச் சரியாக அதே எண்ணிக்கை. அக்கா மகள்தான் தாளைத் திருப்பிப் போட்டுக் காட்டினாள்.

இன்று அப்படி ஒரு தாளை வெட்டியாயிற்று. மிச்சம் 30 மி.மீ.யில் ஒரு பட்டை, 36 மி.மீ.யில் ஒரு பட்டை. ரெண்டிலும் வண்ணம் தீட்டிப் பார்த்தாகிவிட்டது. இந்தத் தடவை காவியும் மஞ்சளும்தான், பிடித்ததற்குப் பக்கத்தில் புள்ளி வைத்திருக்கிறேன். மேசையைத் துடைத்தபோது அவற்றை மட்டும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சந்திப்பு என் வீட்டில்.